க்ளூடோவில் எப்போது துணிந்து குற்றம் சாட்டலாம்?

கேள்வி:
ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் நாலு பேர் க்ளூடோ ஆடுவோம். கொலை செய்த ஆள், ஆயுதம், அறை என்று மூன்று அட்டைகள் உறைக்குள் ஒளிந்திருக்கும், அவை எவை என்று கண்டுபிடிக்கும் பலகை விளையாட்டு அது. ஒருவர் மூன்றின் பெயரைச் சொல்லிக் கேட்டால், அதில் ஏதாவது கையில் இருப்பவர் ஒன்றை அவருக்கு மட்டும் காட்ட வேண்டும். நேற்று அண்ணன் "பிளம், கயிறு, லைப்ரரி" என்று கேட்டான். அம்மா, தங்கை, நான், மூன்று பேரிடமும் அதில் ஒரு அட்டைகூட இல்லை. சரி, உறைக்குள் இருப்பது அதுதான், அடுத்த சுற்றில் அவன் சொல்லிவிடுவான் என்று பயந்து, என் முறை வந்ததும் நானே குற்றம் சாட்டி உறையைத் திறந்தேன். ஆளும் ஆயுதமும் சரி, அறை தப்பு. என் ஆட்டம் அதோடு முடிந்தது. போன வாரம் முழு உறுதி வரட்டும் என்று காத்திருந்தேன், தங்கை முந்திக்கொண்டாள். எவ்வளவு ஆதாரம் கிடைத்தால் சொல்லலாம்?

பதில் 1:
யாரும் காட்டவில்லை என்றால், கேட்டவரைத் தவிர மற்றவர்களிடம் இல்லை, அவ்வளவுதான் உறுதி. தன் கையில் இருக்கும் அட்டையையே சேர்த்துக் கேட்பது நல்ல உத்தி. அண்ணன் லைப்ரரியைக் கையில் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் சோதித்திருக்கிறார். இன்னொன்று: கேட்ட அதே முறையிலேயே குற்றம் சாட்ட விதி இடம் தருகிறது. மூன்றில் ஒன்றுகூடத் தன்னிடம் இல்லையென்றால் அவர் அப்போதே சொல்லியிருப்பார். சொல்லாமல் பகடையை அடுத்தவரிடம் கொடுத்தாரே, நீங்கள் பார்த்திருக்க வேண்டிய ஆதாரம் அது.

பதில் 2:
ஆயுதமும் அறையும் உறுதி, ஆள் மட்டும் இரண்டில் ஒன்று என்றால் பாதிக்குப் பாதி. நாலு பேர் ஆடும்போது தொடக்கத்தில் உங்கள் பங்கு கால்வாசிதான், அதனால் பாதி என்பது நல்ல நிலைமை. ஆனால் பார்க்க வேண்டியது வேறு: இன்னொரு சுற்று பொறுத்தால் அதற்குள் வேறு யாராவது முடித்துவிடுவார்களா? அவர்கள் முடிக்கப் பாதிக்கு மேல் வாய்ப்பு இருப்பதாகப் பட்டால் நீங்கள் முந்திச் சொல்லிவிடுங்கள். ஒருவர் அறையையும் ஆயுதத்தையும் மாற்றாமல் ஆளை மட்டும் மாற்றி மாற்றிக் கேட்டால் பெரும்பாலும் நெருங்கிவிட்டார். ஆளிலும் இரண்டு, ஆயுதத்திலும் இரண்டு மிச்சம் என்றால் நாலில் ஒன்று, அப்போது நான் வாயே திறக்க மாட்டேன்.

பதில் 3:
கணக்குக்குப் போகும் முன், ஆடும்போது குறிப்பெழுதும் தாளைத் திரும்பப் படியுங்கள். 21 அட்டைக்கும் டிக் போடுவதோடு விடாமல், யார் யாருக்கு எந்த மூன்றில் ஒன்றைக் காட்டினார் என்று ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். "மஸ்டர்ட், கத்தி, கிச்சன்" கேட்ட அண்ணனுக்குத் தங்கை ஏதோ ஒன்றைக் காட்டுகிறாள் என்று வையுங்கள், அப்போது உங்களுக்கு ஒன்றும் தெரியாது. நாலு சுற்று கழித்து மஸ்டர்ட் அம்மாவிடம் இருப்பது தெரிகிறது, கத்தி ஏற்கெனவே உங்கள் கையில், அப்புறம் கிச்சன் தங்கையிடம்தானே, யாரையும் கேட்காமலே! பாதிக்குப் பாதி என்று நான் தவித்த ஆட்டங்களில் பல தடவை விடை பழைய வரியிலேயே கிடந்திருக்கிறது.

பதில் 4:
கம்ப்யூட்டரில் ஆடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2018-இல் வந்த 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' விளையாட்டில் 60 பேர் கதி என்ன என்று எழுத வேண்டும், மூன்று பேருக்குச் சரியாக எழுதினால்தான் அது ஒப்புக்கொள்ளும். இரண்டு பேரை உறுதியாக வைத்துக்கொண்டு மூன்றாமவருக்குப் பெயர்களை மாற்றி மாற்றிப் போட்டே கண்டுபிடித்துவிடலாம். அந்தப் பழக்கம் க்ளூடோவில் உதவாது, இங்கே ஒரே வாய்ப்பு.

கேள்வி கேட்டவர்:
நேற்றைய தாளை எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது சுற்றில் தங்கை "பீகாக், கயிறு, லைப்ரரி" கேட்டபோது அண்ணன் ஒரு அட்டை காட்டியிருக்கிறான். பீகாக் முதலிலிருந்தே என் கையில். அப்படியென்றால் கயிறோ லைப்ரரியோ கண்டிப்பாக அவனிடம். என் கையெழுத்திலேயே இருக்கிறது.