உதவி: நான்காம் வாரம் உரிய வேண்டிய மேல்தோல் என் கணினி மாதிரியில் இரண்டாம் நாளே மறைந்துவிடுகிறது

கேள்வி

கதிர்வீச்சு பட்ட மேல்தோல் எவ்வாறு மெலிந்து மீள்கிறது என்பதைக் கணிக்கப் பைத்தான் நிரல்மொழியில் ஒரு மாதிரி எழுதியிருக்கிறேன். 10,000 அடிச்செல்கள் (மேல்தோலின் அடி அடுக்கில் பிரிந்து பெருகும் செல்கள்) கொண்ட ஒரு சிறு திட்டு, அடிச்செல் பிரிந்து மேலேறி உதிர 28 நாள். பிழைத்திருக்கும் விகிதத்துக்கு வழக்கமான சூத்திரம்: e-இன் அடுக்கு −(ஆல்ஃபா × கதிர் அளவு + பீட்டா × கதிர் அளவின் வர்க்கம்); ஆல்ஃபா 0.3, பீட்டா 0.03. ஒரே தடவையில் 20 கிரே (கிரே என்பது கதிர் அளவின் அலகு) கொடுத்தால் ஈரமாகத் தோல் உரிவது நான்காம் வாரத்தை ஒட்டியே நிகழ வேண்டும். எனக்கோ இரண்டாம் நாளிலேயே மேல்தோலின் தடிமன் சுழியாகிவிடுகிறது. கணக்கீட்டின் கால இடைவெளியைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தும் பயனில்லை. எங்கே தவறுகிறேன்?

மறுமொழி 1

பிழைத்திருக்கும் விகிதத்தை எல்லா அடுக்குகளின் மீதும் பெருக்குகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அந்தச் சூத்திரம் சொல்வது செல் பிரியும் திறனை இழப்பதைப் பற்றி மட்டுமே. பிரிவதை ஏற்கெனவே நிறுத்திவிட்டு மேலேறிக்கொண்டிருக்கும் செல்களுக்கு அது பொருந்தாது. அவை கதிர்வீச்சுக்குப் பின்னும் வழக்கம்போல் மேலேறி, தம் முறை வரும்போது உதிர்கின்றன. அடியிலிருந்து வரத்து நின்றுபோனது வெளியே தெரிய ஒரு முழுச் சுற்று ஆகும். ஆகவே உரியும் நாளைப் பெரும்பாலும் சுழற்சிக் காலமே தீர்மானிக்கிறது. எத்தனை செல் மிஞ்சும் என்பதைத்தான் கதிர் அளவு தீர்மானிக்கிறது. பெருக்கலை அடி அடுக்கோடு நிறுத்திப் பாருங்கள்.

இன்னொன்று: சில மணி நேரத்திலேயே தோன்றும் முதல் சிவப்பு இரத்தக் குழாய்கள் விரிவதால் வருவது. உங்கள் மாதிரியில் அது தென்படாதது பிழையன்று. அதை வரவழைக்க எண்களைத் திருகாதீர்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி, நீங்கள் சொன்னதேதான். திருத்தியபின் தடிமன் சீராக இறங்கி 27ஆம் நாளையொட்டி மறைகிறது. ஆனால் 30ஆம் நாளுக்குப் பின் மேல்தோல் தானாகவே முழுத் தடிமனுக்கு வளர்ந்துவிடுகிறது. 20 கிரேக்குப் பின் இவ்வளவு எளிதாக ஆறுமா என்பது எனக்கு உறுத்துகிறது.

மறுமொழி 2

உறுத்த வேண்டிய இடமே. 20 கிரேக்கு உங்கள் சூத்திரத்தின் அடுக்குக்குறி (குறியை விட்டுவிட்டால்) 6 கூட்டல் 12, அதாவது 18. பிழைப்பது பத்துக் கோடியில் ஏறக்குறைய ஒன்றரை. பத்தாயிரம் செல்லில் மிஞ்சுவது 0.00015 செல். செல் எண்ணிக்கை மாறும் வேகத்தைக் கணிக்கும் உங்கள் வகைக்கெழுச் சமன்பாட்டுக்கு, முழுச் செல்லுக்குக் குறைவான துணுக்கு இருக்க முடியாது என்பது தெரியாது. அந்தத் துணுக்கை நாளுக்கு இருமடங்காகப் பெருக்கினால் 26 நாளில் பத்தாயிரம் நிரம்பிவிடும். மிஞ்சும் செல்களை முழு எண்ணாக, பாய்சான் பரவலில் (அரிதான நிகழ்வு எத்தனை முறை நேரும் என்பதற்கான வாய்ப்புப் பரவல்) குலுக்கி எடுங்கள். ஏறத்தாழ 6,500 முறை ஓட்டினால் ஒரு முறைதான் ஒரு செல் மிஞ்சும். மற்ற ஓட்டங்களில் புண் ஆற வேண்டுமானால் விளிம்பிலிருந்தும் மயிர்க்கால்களிலிருந்தும் செல்கள் நகர்ந்து வர வேண்டும்; அந்த வரத்தை எல்லை நிபந்தனையாக (திட்டின் விளிம்பில் என்ன நடக்கிறது என்று சமன்பாட்டுக்குச் சொல்லும் விதியாக) சேருங்கள். சிறிய புண் பெரிய புண்ணைவிட விரைவில் மூடுவதும் அப்போது தானே வெளிப்படும்.

சரிபார்க்க, அதே 20 கிரேயை 2 கிரே வீதம் பத்துத் தடவையாகப் பிரித்துக் கொடுங்கள். இடையில் செல் வளர்ச்சியை நிறுத்தி வைத்தால் அடுக்குக்குறி 7.2, மிஞ்ச வேண்டியது ஏழெட்டுச் செல்.

கேட்டவர்

பிரித்துக் கொடுத்து நூறு முறை ஓட்டினேன், சராசரி 7.4 வந்தது. விளிம்பு வரத்தை இனிமேல்தான் எழுத வேண்டும்.