பூனையின் அறுவை சிகிச்சைக்குப் பணம் கேட்க வேண்டும். நான்கு வரி எழுத வரவில்லை

அச்சுப்பிழை:

என் பூனையின் பெயர் காற்புள்ளி. குட்டியாக வந்தபோதே வால் நுனி வளைந்திருந்தது. பிழை திருத்துவது என் தொழில் என்பதால் வேறு பெயர் தோன்றவில்லை. ஆறு வயது, ஐந்து கிலோ, கருத்தடை செய்த ஆண். இதை எழுதும் நேரத்தில் அவன் மருத்துவமனையில், முன்னங்காலில் ட்ரிப்ஸ் ஊசியும் பின்பக்கம் சிறுநீர்க் குழாயுமாகப் படுத்திருக்கிறான்.

ஐந்து வாரத்தில் இது மூன்றாவது அடைப்பு. முதல் முறை, மணல் தட்டுக்குப் போய்ப் போய் உட்கார்ந்து முக்கினான். மலச்சிக்கல் என்று நினைத்து ஒரு பகல் முழுவதையும் வீணாக்கினேன். மாலையில் வாந்தி எடுத்தான். தூக்கியபோது அடிவயிற்றில் உருண்டையாக, கல் போல ஏதோ கையில் தட்டுப்பட்டது. நிரம்பி இறுகிப்போன சிறுநீர்ப்பை அது. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இதயத்துடிப்பு தாளம் தப்பியிருந்தது. “இன்னும் சில மணி நேரம் விட்டிருந்தால்...” என்று தொடங்கிய மருத்துவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு முடியாத வாக்கியத்தை நான் அப்படியே விட்டுவிட்டேன்.

இனிக் குழாய் போட்டு எடுத்துப் பயனில்லை என்கிறார் மருத்துவர். ஆண் பூனையின் சிறுநீர்ப் பாதை முன்பகுதியில் மிகக் குறுகலானது. அந்தப் பகுதியை நீக்கிவிட்டு, உள்ளே அகலமாக இருக்கும் இடத்தைத் திறந்து தோலோடு சேர்த்துத் தைக்க வேண்டுமாம். நாளை மறுநாள் காலை நாள் குறித்திருக்கிறார்கள். செலவு என் மூன்று மாத வருமானம். முதல் இரண்டு அடைப்பிலேயே சேமிப்பு பெரும்பாலும் கரைந்துவிட்டது. கையில் இருப்பது மூன்றில் ஒரு பங்கு.

நேற்றிரவு வேண்டுகோள் எழுத உட்கார்ந்தேன். ஏழு வரைவுகள். ஒன்று ஒப்பாரி போல இருக்கிறது, இன்னொன்று வழக்கறிஞர் அனுப்பும் அறிவிக்கை போல இருக்கிறது. ஊரார் எழுத்தில் ஒற்றுப்பிழை பார்த்தே பிழைக்கிறவளுக்குத் தனக்கென்று நான்கு வரி வரவில்லை. அண்ணனிடம் சொன்னதற்கு, “ஒரு பூனைக்கா?” என்று கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டார். அந்தக் கேள்விதான் ஒவ்வொரு வரைவின் முதல் வரியிலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

முன்பின் தெரியாதவர்களிடம் இதற்குப் பணம் கேட்கலாமா? கேட்டால் எப்படி எழுதுவது?

---

கூம்புக்கழுத்தன்:

என் பூனைக்கும் இதே அறுவை சிகிச்சை நடந்தது, நான்கு ஆண்டுகளுக்கு முன்னால். இன்று காலை அலமாரி உச்சியிலிருந்து என் தலைமேல் குதித்தான். அதனால் பயப்படாதீர்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது, அதைக் கவனித்தீர்களா? குழாய் உள்ளே இருக்கும்வரை சிறுநீர் வெளியேறுகிறது. இரத்தத்தில் பொட்டாசியமும் சிறுநீரகக் கழிவுகளின் அளவும் இறங்கிய பிறகுதான் மயக்க மருந்து கொடுப்பார்கள். அடைப்போடு வீட்டில் வைத்துக்கொண்டு பணம் தேடுவதுதான் பெரிய தவறு. ஒன்றிரண்டு நாளில் உயிரே போய்விடும். இதைப் படிக்கும் வேறு யாராவது அந்த நிலையில் இருந்தால் எழுந்து ஓடுங்கள், பணத்தைப் பற்றி அங்கே போய்ப் பேசிக்கொள்ளலாம். வலிக்கிறதே என்று மனிதர்களின் பாரசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது நஞ்சு.

வேண்டுகோளில் அறுவை சிகிச்சைச் செலவை மட்டும் போட்டு நான் ஏமாந்தேன். அதன் பிறகும் செலவு இருக்கிறது. வலி மருந்து, காயத்தை நக்காமல் இருக்க மாட்டும் கழுத்துக் கூம்பு, மறுபரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை, பிறகு மருத்துவர் சொல்லும் உணவு. ஒரு முறை கேட்டு முடித்தவர்களிடம் பத்து நாளில் மறுபடி போய் நிற்பது மிகக் கடினம். முழுத்தொகையை இப்போதே கணக்குப் போடுங்கள்.

---

மருந்தக மேசை:

பதினொரு ஆண்டுகளாக ஒரு விலங்கு மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை. பணம் இல்லாமல் வந்து நிற்பவர்களின் முகத்தை முதலில் பார்ப்பது நான்தான். பாதிப் பேர் எங்களிடம் கேட்பதே இல்லை. வெளியே போய், ஊரெல்லாம் கேட்டுவிட்டு, இரண்டு நாள் கழித்துப் பூனை மோசமான பிறகு வருகிறார்கள்.

முதலில் மருத்துவமனையிடம் எழுத்துமூலமான செலவு மதிப்பீடு கேளுங்கள். குறைந்தபட்சம் எவ்வளவு, சிக்கல் வந்தால் எவ்வளவு என்று இரண்டு தொகையும் அதில் வேண்டும். எத்தனை இரவு அங்கே தங்க வேண்டும், ஒவ்வோர் இரவுக்கும் என்ன கட்டணம் என்று கேளுங்கள். தொகை ஏறுவது பெரும்பாலும் அங்கேதான். எந்தப் பரிசோதனை கட்டாயம், எது தள்ளிப்போடக்கூடியது என்று கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. பொட்டாசியத்தைத் திரும்பப் பார்ப்பதைத் தள்ளிப்போட முடியாது. வேறு சிலவற்றை மருத்துவரே விட்டுவிடலாம் என்பார். தவணை உண்டா என்றும் வாய்விட்டுக் கேளுங்கள். இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் நீங்கள் கேட்காமல் யாரும் தாமாகத் தர மாட்டார்கள். கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எட்டும் தூரத்தில் இருந்தால் விசாரியுங்கள், பல இடங்களில் கட்டணம் குறைவு. ஆனால் குழாயோடு இருக்கும் பூனையைத் தூக்கிக்கொண்டு அலைவதற்கு முன் இப்போதைய மருத்துவரிடம் அனுமதி கேட்க வேண்டும்.

பிறகு இது முக்கியம்: தருகிறவர்கள் பணத்தை நேராக மருத்துவமனைக் கணக்கில் கட்ட வழி செய்யுங்கள். பூனையின் பதிவு எண்ணைச் சொன்னால் உங்கள் பேரில் வரவு வைப்பார்கள். பாதிச் சந்தேகம் அங்கேயே அடங்கிவிடும். நிதி திரட்டும் தளங்களை நம்பி இருக்காதீர்கள். பல தளங்களில் பணம் கைக்கு வரச் சில நாட்கள் ஆகும், கட்டணமும் பிடிப்பார்கள். உங்களுக்கு இருப்பது இரண்டு இரவு.

---

கதவோரம்:

நான் இனிமையாகப் பேசப்போவதில்லை. சென்ற ஆண்டு ஒரு பூனைக்கு இப்படிப் பணம் அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து அதே படம், அதே கட்டுப் போட்ட கால், வேறு பெயர், வேறு நோய், வேறு வங்கிக் கணக்கு. அன்றிலிருந்து கண்ணீர் வரிகளைப் பார்த்தால் பக்கத்தை மூடிவிடுகிறேன்.

ஆகவே என்னைப் போன்றவனுக்கு எழுதுங்கள். மதிப்பீட்டுத் தாளைப் போடுங்கள், உங்கள் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் மறைத்துவிட்டு. கூண்டில் இன்றைய தேதியை எழுதிய தாளை வைத்து ஒரு படம் எடுங்கள். அவன் பிழைக்காவிட்டால் பணம் என்னவாகும் என்று இப்போதே சொல்லுங்கள். இதைச் சொல்ல யாருக்கும் மனம் வருவதில்லை, தெரியும். ஆனால் தருகிறவன் மனத்தில் முதலில் எழும் கேள்வி இதுதான், வாய்விட்டுக் கேட்க மாட்டான்.

இன்னொன்று. பிழை திருத்துகிறவர் என்கிறீர்கள். உங்களுக்கு யாரும் பாக்கி வைத்திருக்கவில்லையா? என் அனுபவத்தில் அந்தத் தொழிலில் கூலியைக் கையில் வாங்குவதற்குள் புத்தகம் இரண்டாம் பதிப்பே வந்துவிடும்.

---

அச்சுப்பிழை:

கதவோரம் அவர்களே, உங்கள் கடைசிப் பத்தியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மூன்று பேர் தர வேண்டும். ஒருவர் பத்து மாதமாக. கேட்டால் அடுத்த வேலை வராது என்ற அச்சத்தில் விட்டிருந்தேன். நான் உழைத்துச் சம்பாதித்த பணத்தைக் கேட்க வாய் வராமல், முன்பின் தெரியாதவர்களிடம் கேட்க எழுதிக்கொண்டிருக்கிறேன். என்ன அபத்தம்!

மூவருக்கும் ஒரே கடிதம் அனுப்பினேன். “என் பாக்கித் தொகை நாளை மாலைக்குள் தேவைப்படுகிறது, மருத்துவச் செலவு.” யாருக்கு மருத்துவம் என்று எழுதவில்லை. பொய் இல்லை, ஒரு சொல் குறைவு, அவ்வளவுதான்.

மருத்துவமனையிலும் கேட்டேன். மூன்றில் ஒரு பங்கை நான்கு தவணையாக வாங்கிக்கொள்ளச் சம்மதித்துவிட்டார்கள். மேசையில் இருந்த பெண் கணக்குப் போட்டுக்கொண்டே, “இதை நீங்கள் போன தடவையே கேட்டிருக்கலாமே” என்றார். மதிப்பீட்டின் மேல்தொகை நான் நினைத்திருந்ததைவிடக் கொஞ்சம் கூடுதல், அதையே கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

எட்டாவது வரைவு இது. திருத்துங்கள்:

“அனைவருக்கும் வணக்கம். மிகுந்த தயக்கத்துடன் இதை எழுதுகிறேன். என் செல்லப் பூனை காற்புள்ளிக்குச் சிறுநீர்ப் பாதை மூன்றாம் முறையாக அடைத்துக்கொண்டது. நாளை மறுநாள் காலை 9 மணிக்கு அறுவை சிகிச்சை. செலவில் மூன்றில் ஒரு பங்கு என்னிடம் இருக்கிறது. இன்னொரு பங்கை மருத்துவமனை தவணையில் வாங்கிக்கொள்ளும். மூன்றாவது பங்குக்கு உங்கள் உதவி வேண்டும். பணத்தை மருத்துவமனைக்கே நேராகக் கட்டலாம். மதிப்பீட்டுத் தாள் கீழே உள்ளது. அவன் பிழைக்காவிட்டால், ஆன செலவு போக மிஞ்சியதைத் தந்தவர்களுக்கே திருப்பித் தந்துவிடுகிறேன். கடனாகத் தருபவர்களுக்கு எழுதிக் கையெழுத்திட்டுத் தருகிறேன். ஒரு பூனைக்கா என்று நீங்கள் கேட்கலாம்...”

அங்கே நின்றுவிட்டது.

---

கூம்புக்கழுத்தன்:

அந்தக் கடைசி வரியை வெட்டுங்கள். யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாதீர்கள். அது உங்கள் அண்ணனுக்கு எழுதியது, அவர் இதைப் படிக்கப்போவதில்லை.

“மிகுந்த தயக்கத்துடன்” என்பதும் வேண்டாம். முதல் வரியிலேயே பூனை வந்துவிட வேண்டும். படம் எது போடுகிறீர்கள்? குழாயோடு கிடக்கும் படத்தைப் பார்த்தால் பலர் கண்ணை மூடிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். அவன் நன்றாக இருந்தபோது எடுத்ததை மேலே வையுங்கள், இன்றையதைக் கீழே.

---

மருந்தக மேசை:

“மூன்றாவது பங்கு” என்று மட்டும் இருந்தால் எவ்வளவு தருவது என்று தெரியாமல் விட்டுவிடுவார்கள். தொகையை எண்ணாகவே போடுங்கள். வரவர, இன்னும் எவ்வளவு பாக்கி என்று மாற்றிக்கொண்டே இருங்கள். நிறைந்ததும் “போதும், இனி அனுப்ப வேண்டாம்” என்று எழுதிவிடுங்கள். இதை மறப்பவர்களே அதிகம்.

பொதுவில் போடுவதோடு நிற்காமல் பத்துப் பேருக்குத் தனித்தனியாகவும் அனுப்புங்கள். எல்லோருக்கும் எழுதியதை எல்லோரும் வேறு யாரோ பார்த்துக்கொள்வார் என்று கடந்துவிடுவார்கள்.

---

கதவோரம்:

தேதித் தாளைப் பார்த்தேன். தாளின் ஓரத்தைக் கடித்திருக்கிறான். மருத்துவமனைக்கு அழைத்துப் பதிவு எண்ணைச் சொன்னேன், வால் வளைந்த பூனையா என்று கேட்டார்கள். என் பங்கைக் கட்டிவிட்டேன். கடன் இல்லை, எழுதித் தர வேண்டியதும் இல்லை. பில் வந்ததும் படத்தை மட்டும் போடுங்கள்.

---

அச்சுப்பிழை:

அறுவை சிகிச்சை முடிந்தது. ஒன்றரை மணி நேரம். மயக்கம் தெளிந்து, பக்கத்துக் கூண்டில் இருந்த நாயைப் பார்த்து உறுமினானாம்.

கணக்கு: பொதுவில் கேட்டதற்குப் பதினான்கு பேர் தந்தார்கள். தனியாக எழுதிய பத்துப் பேரில் ஏழு பேர். பத்து மாதப் பாக்கிக்காரர் நேற்று மாலையே முழுத்தொகையையும் அனுப்பிவிட்டு, “உடல்நலம் தேறட்டும்” என்று என்னை வாழ்த்தியிருக்கிறார். நன்றி என்று பதில் போட்டேன், வேறு என்ன செய்வது? மற்ற இருவரும் இன்னும் மடலைப் பார்க்கவில்லை என்கிறார்கள். அந்த ஒரு தொகை வந்ததால் தேவை சுருங்கிவிட்டது. போதும் என்று அறிவித்த பிறகு வந்த இரண்டு தொகையைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டேன். பில்லின் படம் கீழே. மேல்தொகை வரை போகவில்லை. அண்ணன் இதுவரை அழைக்கவில்லை.

---

அச்சுப்பிழை:

ஆறாம் நாள். வீட்டுக்கு வந்துவிட்டான். கழுத்துக் கூம்போடு கதவு நிலைகளில் எல்லாம் முட்டிக்கொள்கிறான். தையல் பிரிக்கும்வரை, பத்துப் பதினான்கு நாள், கூம்பைக் கழற்றக் கூடாது. அறுவை சிகிச்சையோடு எல்லாம் முடிந்துவிடவில்லை என்றும் மருத்துவர் சொல்லிவிட்டார். சிறுநீரில் படிகங்கள் மறுபடி உருவாகலாம், கிருமித் தொற்று முன்பைவிட எளிதில் வரலாம். அதனால் நீர் நிறைய உள்ளே போக வேண்டும். ஈர உணவு, நான்கு இடங்களில் தண்ணீர்க் கிண்ணம். சாப்பிடாமல் இரண்டு நாள் இருந்தால் ஈரல் கெட்டுவிடும் என்று பயமுறுத்தியிருந்தார்கள். அந்தக் கவலையைக் காற்புள்ளி முதல் வேளையிலேயே தீர்த்துவிட்டான்.

தட்டில் மணல் போடக் கூடாதாம், காயத்தில் ஒட்டும். தாளைக் கிழித்துப் போடச் சொன்னார்கள். இந்த வீட்டில் தாளுக்கா பஞ்சம்? திருத்தி முடித்த பழைய படிகளை நீளநீளமாகக் கிழித்து நிரப்பினேன். இன்று விடியற்காலை நான்கு மணிக்குத் தட்டில் சத்தம் கேட்டு ஓடினேன். முக்கவில்லை, கத்தவில்லை. நின்று நிதானமாக, எண்ணிப் பார்த்தேன், பதினேழு நொடி பெய்தான்.

---

கதவோரம்:

யாருடைய புத்தகம் அது?

---

அச்சுப்பிழை:

பத்து மாதப் பாக்கிக்காரருடையது. ஐந்தாம் அத்தியாயம்.