ஒயின் ரேக் பலகையில் விரிசல்: உதவி தேவை

பாளைத் தம்பி:
நாசிக்கில் இருக்கும் அக்காளுக்கும் அத்தானுக்கும் திருமண நாள் பரிசாக, ஆறு பாட்டில்களைப் படுக்கவைக்கும் மர ஒயின் ரேக் ஒன்றை என் கையாலேயே செய்து வருகிறேன். முன்பலகையில் துளைகளுக்கு இடையே விரிசல் விழுந்துவிட்டது. பெவிகால் வைத்து இறுக்கியும் மறுநாளே வாய் பிளந்தது. பத்து நாளில் ரயில் ஏற வேண்டும், என்ன செய்யலாம்?

வள்ளியூர் அண்ணாச்சி:
தம்பி, என்ன மரம், எவ்வளவு கனம், பாட்டிலை வைத்த பிறகு விரிந்ததா, வைக்கும் முன்பே விரிந்ததா என்று எதையும் சொல்லவில்லையே.

தென்காசிச் சாரல்:
பச்சை மரமாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டில் மரத்தைக் குளத்தில் ஊறப்போட்டு, நிழலில் காயவைத்த பிறகே இழைப்பார்கள். அப்படிப் பதப்படுத்திய மரம் விரிந்து நான் பார்த்ததில்லை.

பொதிகைத் தச்சன்:
மர ரேகை, அதாவது நார் ஓடும் திசை, பார்க்கத் தெரியாதவர்கள் உளியைத் தொடும் முன் ஓர் ஆசாரியிடம் ஒரு மாதமாவது உட்கார வேண்டும் என்று பலமுறை எழுதிவிட்டேன். குளத்தில் ஊறவைப்பது மரத்தின் மாவுச்சத்தைக் கரைத்து உளுக்காமல் காப்பதற்கே தவிர, விரிசலைத் தடுப்பதற்கு அல்ல.

தென்காசிச் சாரல்:
எங்கள் தாத்தா போட்ட உத்தரத்தில் இன்றுவரை ஒரு கீறல்கூட இல்லை, ஐயா.

பொதிகைத் தச்சன்:
அது நிதானமாகக் காய்ந்த பலன். குளத்தின் பலன் அன்று.

பாளைத் தம்பி:
வேம்பு. கனம் 18 மி.மீ., அகலம் எட்டு அங்குலம், 80 மி.மீ. துளைகள் மூன்று. பாட்டில் இன்னும் வைக்கவில்லை. இரு முனைகளையும் நிற்கும் கால்களோடு பசையும் நான்கு திருகாணிகளும் போட்டு இறுக்கியிருக்கிறேன்.

அம்பைக் கடைசல்:
அந்த இறுக்கம்தான் காரணம். மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, அகலவாக்கில்தான் சுருங்கும். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்றில் உங்கள் பலகை காய்ந்து குறுகப் பார்க்க, நெடுக்கு ரேகையுள்ள கால்கள் அதை அசையவிடாமல் பிடித்துக்கொள்வதால், மரம் மிகக் குறைவாக இருக்கும் துளை வரிசையில் அது பிளக்கிறது. பசை இதற்கு மருந்தல்ல. துளைகளின் நடுக்கோட்டிலேயே பலகையை நீளவாக்கில் அறுத்துவிடுங்கள். அரைவட்டப் பள்ளங்களோடு இரண்டு சட்டங்கள் கிடைக்கும். மேல்வரிசைக்கு ஒன்று, மற்றதைத் திருப்பிப் போட்டால் கீழ்வரிசைக்கு ஒன்று. பாட்டிலின் உடல் சுமார் 75 மி.மீ. விட்டம் என்பதால் அதில் நன்றாக உட்காரும். கழுத்துக்குப் பின்சட்டத்தில் 35 மி.மீ. அரைவட்டம் போதும். முனைக்கு ஒரே திருகாணி போட்டு, பசையை நடுவில் மட்டும் இடுங்கள். நிறைந்த பாட்டில் ஒன்று ஏறத்தாழ ஒன்றேகால் கிலோதான், சட்டம் தாங்கும்.

பாளைத் தம்பி:
அப்படியே அறுத்து மாட்டினேன். நான்கு நாளாகியும் விரியவில்லை. மிக்க நன்றி, அண்ணாச்சிமார்களே.

வள்ளியூர் அண்ணாச்சி:
மகிழ்ச்சி, தம்பி. கட்டி அனுப்பும் முன் முன்சட்டம், பின்சட்டம் இரண்டின் மேல்விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கழுத்துப் பக்கம் உயர்ந்துவிட்டால் ஒயின் தக்கையைத் தொடாமல் போகும். தக்கை காய்ந்து சுருங்கினால் காற்று உள்ளே புகுந்துவிடும். ரசமட்டம் வைத்துப் பார்த்தீர்களா?