டிரிப் ஏறும்போது ஒண்ணுமில்ல, மூணாம் நாள் ராத்திரிதான்

அம்மாபிள்ளை

அம்மாவுக்கு டோசிடாக்சல்ங்கிற கீமோ மருந்து, மூணாவது சைக்கிள். டிரிப் ஏறினப்போ ஒண்ணும் ஆகலை. முதல் பத்து நிமிஷம் சிஸ்டர் பக்கத்துலயே நின்னு பார்த்துட்டு, "இனிமே பயமில்லை"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. டெக்ஸாங்கிற ஸ்டீராய்டு மாத்திரை வழக்கம்போல மூணு நாள். கீமோவுக்கு முந்தின நாள் ஆரம்பிச்சு மறுநாளோட முடிஞ்சுது.

மூணாம் நாள் ராத்திரி ரெண்டு மணி இருக்கும். ஏதோ உரசுற சத்தம். எலின்னு நினைச்சு எழுந்து போனா, அம்மா இருட்டுல நின்னுக்கிட்டு கதவு நிலையில முதுகைத் தேய்ச்சிக்கிட்டு இருக்காங்க. லைட்டைப் போட்டதும் தப்பு பண்ணி மாட்டிக்கிட்ட பிள்ளை மாதிரி நின்னாங்க. "ஒண்ணுமில்லப்பா, லேசா நமைச்சல், நீ போய்த் தூங்கு." நானும் பெரிய டாக்டர் மாதிரி, "கீமோவுல தோல் காயும்மா, அலர்ஜின்னா டிரிப் ஏறும்போதே வந்திருக்கும்"னு சொல்லி, கிரீமை எடுத்துக் கையில கொடுத்துட்டுப் போய்ப் படுத்துட்டேன். முதுகைத் திருப்பச் சொல்லிப் பார்க்கக்கூட இல்லை.

விடிஞ்சதும் பார்த்தா முதுகு, தோள், ரெண்டு கையும் முழுக்கத் தடிப்பு. படத்துல காட்டுற சிவப்பெல்லாம் எங்க நிறத்துல தெரியாது. கொஞ்சம் கருத்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். கையை வச்சுத் தடவினாத்தான் தெரியுது, மணலைத் தொடுற மாதிரி. கூட்டிட்டு ஓடினோம். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாங்க, கண்ணைப் பார்த்தாங்க, ரத்தம் எடுத்தாங்க. மருந்துக்கு லேட்டா வர்ற அலர்ஜி, ஸ்டீராய்டு அதை மூடி வச்சிருந்திருக்கு, நிறுத்தினதும் வெளியே வந்திருச்சுன்னு சொன்னாங்க. டெக்ஸாவை ஒரேயடியா நிறுத்தாம படிப்படியா குறைக்கிற மாதிரி எழுதிக் கொடுத்தாங்க. ஒரு வாரத்துல அடங்கிடுச்சு.

அந்தச் சத்தம்தான் போகமாட்டேங்குது. உங்களுக்கு யாருக்காவது இப்படி வீட்டுக்கு வந்த பிறகு வந்திருக்கா?

எட்டாவது டோஸ்

எனக்கு ஆக்ஸாலிப்ளாட்டின், பிளாட்டினம் வகை கீமோ மருந்து. ஏழு டோஸ் வரைக்கும் ராஜா மாதிரி போயிட்டு வந்தேன். எட்டாவது டோஸ் முடியுற நேரத்துல உள்ளங்கையில அரிப்பு. சொன்னா இன்னும் ரெண்டு மணி நேரம் உட்கார வச்சிடுவாங்கன்னு சொல்லலை. வீட்டுக்குப் போகணும், அவ்வளவுதான் மனசுல.

சாயங்காலம் குளிர் எடுத்துச்சு. சாதாரணக் குளிர் இல்லை, கட்டிலே ஆடுது. இடுப்புல யாரோ அடிச்ச மாதிரி வலி, காய்ச்சல் 38.9 செல்சியஸ். ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணினா பேரைக் கேட்கிறாங்க. தாடை அடிச்சுக்கிட்டதுல முதல் எழுத்துக்கு மேல வரலை. என் பேரை நானே சொல்ல முடியாம அப்படியே போனைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு நிமிஷம்தான் இன்னும் கனவுல வருது.

வெள்ளை அணு கவுண்ட் குறைஞ்சு வந்த இன்ஃபெக்ஷனா இருக்குமோன்னு முதல்ல ஆன்டிபயாடிக் போட்டுட்டாங்க. அதுதான் சரியும்கூட, ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாதே. ரத்தத்துல கிருமி வளரலை. அப்புறம்தான் மருந்துன்னு முடிவு பண்ணினாங்க. பிளாட்டினம் வகை மருந்தை உடம்பு பல தடவை பார்த்துப் பழகின பிறகுதான் எதிர்க்குமாம். முதல் டோஸ்ல வராம ஆறு, ஏழு, எட்டுன்னு வர்றதுக்கு அதுதான் காரணம்.

அடுத்த டோஸை மூணு பையில பன்னிரண்டு படியாப் பிரிச்சு ஏத்தினாங்க. முதல் பை நூத்துல ஒரு பங்கு வீரியம்தான். கால் மணிக்கு ஒரு தடவை வேகத்தைக் கூட்டிக் கூட்டி, ஏறக்குறைய ஆறு மணி நேரம். ஒவ்வொரு படிக்கும் சிஸ்டர் வந்து என் உள்ளங்கையைப் பார்த்துட்டுப் போனாங்க.

கோடுகள்

எனக்கு ஹாட்ஜ்கின், நிணநீர்ப் புற்றுநோய். ஏபிவிடின்னு நாலு மருந்து சேர்ந்த கீமோ. ரெண்டாவது சைக்கிளுக்கு அப்புறம், நாலஞ்சு நாள் கழிச்சு. தோள்லயும் முதுகிலயும் அரிப்பு, சொறியச் சொறிய நீள நீளமா கோடு. சாட்டையால விளாசின மாதிரியே இருக்கும், ஒண்ணு மேல ஒண்ணு குறுக்கும் நெடுக்குமா.

அவசரப் பிரிவுல இருந்த டாக்டர் சின்னப் பொண்ணு. என் சட்டையை இறக்கிப் பார்த்தவங்க அப்படியே நின்னுட்டாங்க. என் கணவரைப் பார்த்து, "சார், நீங்க கொஞ்சம் வெளியே இருங்க"ன்னாங்க. கதவைச் சாத்திட்டு என் கையைப் பிடிச்சு மெதுவா, "வீட்டுல யாராவது அடிக்கிறாங்களா? என்கிட்ட சொல்லலாம்." எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அப்புறம் அழுகை வந்துச்சு. அந்த மனுஷன் முந்தின ராத்திரி பூரா ஈரத்துணி வச்சு ஒத்திக்கிட்டு இருந்தவர். வெளியே வந்தப்போ அவர் முகத்தைப் பார்க்கணுமே! அந்த டாக்டர் மேல எனக்குக் கோபமில்லை. கேட்டாங்களேன்னு இருந்துச்சு.

அந்த நாலுல ஒண்ணான பிளியோமைசினோட வேலைன்னு தோல் டாக்டர் ஒரு பார்வையில சொல்லிட்டார். அந்த மருந்தை நிறுத்திட்டாங்க. அரிப்பு போயிடுச்சு. கோடு மட்டும் பழுப்பா மாசக்கணக்கா இருந்துச்சு.

நேர்வழி

மேலே எழுதியவர்கள் கோபிக்க வேண்டாம். எல்லாவற்றையும் "அலர்ஜி" என்ற ஒரே மூட்டையில் கட்டுகிறீர்கள். சாட்டைக் கோடு அலர்ஜி இல்லை. பிளியோமைசினை உடைக்கும் என்சைம் தோலிலும் நுரையீரலிலும் குறைவு, அதனால் மருந்து அங்கே தேங்கிக் கெடுக்கிறது. கேப்சிட்டபைன் என்ற கீமோ மாத்திரையில் உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து உரிவதும் அலர்ஜி இல்லை. டெக்ஸா எடுத்த மறுநாள் முகம் சிவந்து சூடாவது பெரும்பாலும் ஸ்டீராய்டின் வேலை. இதற்கெல்லாம் பயந்து நல்ல மருந்தை நிறுத்தச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் கதை சின்னது. அப்பாவுக்கு லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய். முதல் கீமோ முடிந்து மூன்றாவது வாரம் கண் சிவந்தது, உதடு வெந்தது போல ஆனது. முகம் துடைத்த துண்டில் உதட்டுத் தோல் ஒட்டிக்கொண்டு வந்தது. எல்லோரும் கீமோ, கீமோ என்றோம். கடைசியில் கீமோ இல்லை. யூரிக் ஆசிட் ஏறாமல் இருக்கக் கூடவே கொடுத்த அலோபியூரினால் என்ற மாத்திரை. வந்தது ஸ்டீவன்ஸ் ஜான்சன், மருந்தால் தோல், வாய், கண் எல்லாம் வெந்து உரியும் ஆபத்தான நோய். தப்பித்தார்.

ஆகவே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கீமோ நாளிலிருந்து எடுத்த ஒவ்வொரு மருந்தையும் ஆரம்பித்த தேதியோடு எழுதுங்கள்: ஆன்டிபயாடிக், வலி மாத்திரை, கவுண்ட் ஏற்றும் ஊசி, எல்லாம். குற்றவாளி கீமோ மருந்தாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. தடிப்பைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள், ராத்திரி பல்பு வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. ஓரத்தைப் பேனாவால் சுற்றிக் கோடு போட்டு மணியை எழுதுங்கள், கோட்டைத் தாண்டுகிறதா என்று தெரியும். காய்ச்சல் மாத்திரை போடுவதற்கு முன் தெர்மாமீட்டர் வையுங்கள். கீமோ காலத்தில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தடிப்பு இருக்கிறதோ இல்லையோ, உடனே போன் செய்யுங்கள், காலை வரை காத்திருக்காதீர்கள். அரிப்பைவிட வலி அதிகமாக இருப்பது, கொப்புளம், வாய்ப்புண், கண் எரிச்சல், முகம் வீங்குதல், இதில் எது வந்தாலும் போனெல்லாம் வேண்டாம், நேரே போங்கள். மூச்சுத் திணறலுக்குச் சொல்லவே வேண்டியதில்லை. வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்டீராய்டை எடுத்து நீங்களாகப் போடாதீர்கள். இன்னொன்று, எட்டாவது டோஸ்காரர் சொன்ன பன்னிரண்டு படி முறை எல்லோருக்கும் இல்லை. தோல் உரியும் வகை வந்தவர்களுக்கு அந்த மருந்தை மறுபடி தொடவே மாட்டார்கள். முதல் பதிவருக்கு: நீங்கள் அன்று ராத்திரியே போயிருக்க வேண்டும்.

கோடுகள்

நேர்வழி ஐயா, அலர்ஜியா, மருந்தோட நஞ்சான்னு பேர் தெரிஞ்சா அரிப்பு குறைஞ்சிடுமா? ராத்திரி ரெண்டு மணிக்குச் சொறியறவங்களுக்கு எல்லாம் ஒண்ணுதான். அம்மாபிள்ளை "போயிருக்கணும்"னுதானே உட்கார்ந்து புலம்புறார். அதையே அவருக்குத் திருப்பிச் சொல்றீங்க.

நேர்வழி

பேர் தெரிந்தால்தான் அடுத்த டோஸ் கொடுக்கலாமா கூடாதா என்று முடிவெடுக்க முடியும் அம்மா. அதற்காகத்தான் சொன்னேன். கடைசி வரி தேவையில்லாதது, ஒத்துக்கொள்கிறேன்.

டே கேர் சிஸ்டர்

நான் டிரிப் ஏத்துற பக்கம் இருக்கிறவள். ஒருத்தர் அடுத்த சைக்கிளுக்கு வந்தப்போ, "சிஸ்டர், கால்ல அலர்ஜி, செட்ரிசின் போட்டுக்கிட்டு இருக்கேன்"னு பேன்ட்டை மடக்கிக் காட்டினார். கணுக்கால்ல ஊசிமுனை அளவு புள்ளி புள்ளியா. அரிக்குதான்னு கேட்டேன், இல்லைன்னார். கண்ணாடி டம்ளரை வச்சு அழுத்திப் பார்த்தேன். தடிப்புன்னா பெரும்பாலும் அழுத்தின இடம் வெளுத்துப் போகும். இது அப்படியே நின்னுச்சு. ரத்தம் எடுத்துப் பார்த்தா, ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் வெறும் ஒன்பதாயிரம். அந்தப் புள்ளியெல்லாம் தோலுக்கடியில கசிஞ்ச ரத்தம். அஞ்சு நாளா அலர்ஜி மாத்திரை போட்டுக்கிட்டு இருந்திருக்கார், பாவம்.

அம்மாபிள்ளைக்கு ஒண்ணு சொல்லணும். "ஏதாவது பண்ணினா உடனே கூப்பிடுங்க"ன்னு நாங்க நூறு தடவை சொல்றோம். அது டிரிப் ஓடுற நேரத்துக்குத்தான்னு கேட்கிறவங்களுக்குத் தோணும். "இனிமே பயமில்லை"ன்னு நானே எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பேன். உங்க பதிவைப் படிச்ச பிறகு அதை நிறுத்திட்டேன். "வீட்டுல ஒரு வாரம் முதுகைப் பார்த்துக்கோங்க"ன்னு சொல்றேன்.

அம்மாபிள்ளை

எல்லாருக்கும் நன்றி. நேர்வழி, கோபமெல்லாம் இல்லை, பேனாக் கோடு ஐடியாவை எடுத்துக்கிட்டேன். அம்மாதான் "என்னை என்ன வரைபடமா ஆக்கிட்டே"ன்னு கேட்டாங்க.

முந்தாநாள் நாலாவது சைக்கிள் முடிஞ்சுது. டோஸைக் கொஞ்சம் குறைச்சிருக்காங்க, டெக்ஸா இந்தத் தடவை இன்னும் சில நாள் ஓடுது. சாயங்காலம் முதுகைத் தடவிப் பார்த்தேன், வழவழன்னுதான் இருக்கு. இப்போ மணி ஒண்ணே முக்கால், மூணாம் நாள் ராத்திரி. அம்மா ரூம் கதவைத் திறந்தே வச்சுட்டு ஹால்ல உட்கார்ந்து இதை எழுதறேன். நிலைப் பக்கம் சத்தம் எதுவும் இல்லை. குறட்டைதான் கேட்குது.