உப்புக்கொத்திக் குஞ்சுகளைப் பார்ப்பதும் வரைவதும்

கேள்வி:
ஆற்று மணல்திட்டுகளில் முட்டையிடும் பட்டாணி உப்புக்கொத்திகளைத் தொலைநோக்கியில் பார்த்து வரைந்து வருகிறேன். பெரிய பறவைகள் ஓரளவு கைவந்துவிட்டன. குஞ்சுகளோ, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூழாங்கற்களுக்கிடையே மறைந்துவிடுகின்றன. வரைந்தால், வெட்டி ஒட்டிய படம்போல் தரையிலிருந்து தனித்துத் தெரிகின்றன. அவற்றைத் தொந்தரவு செய்யாமல் காண்பது எப்படி? அந்த மறைவு படத்திலும் தெரியுமாறு வரைவது எப்படி?

மறுமொழி 1:
குஞ்சுகளைத் தேடி அலையாமல், பெற்ற பறவைகளைக் கவனியுங்கள். அவை எச்சரிக்கைக் குரல் கொடுத்ததும் குஞ்சுகள் நின்ற இடத்திலேயே தரையோடு தரையாகப் படுத்துவிடும். அப்போது எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பயனில்லை. தொலைவில் அசையாமல் உட்கார்ந்திருந்தால், பெரியவற்றின் பதற்றம் தணிந்தபின் குஞ்சுகள் எழுந்து சிறிது ஓடும், சட்டென நிற்கும், கொத்தும், மீண்டும் ஓடும். பொரித்த சில மணி நேரத்திலேயே கூட்டை விட்டு வெளியேறித் தாமே இரை தேடுபவை என்பதால், வரைவதற்கான வாய்ப்புக்குக் குறைவிருக்காது.

ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்கிறேன். பெரிய பறவை ஒரு சிறகைத் தொங்கவிட்டு, அடிபட்டதுபோல் உங்கள் முன் தடுமாறினால், அழகான காட்சியாயிற்றே என்று வரைய நிற்காதீர்கள். முட்டையோ குஞ்சோ மிக அருகில் இருக்கிறது என்பதே அதன் பொருள். காலடியைப் பார்த்துப் பார்த்து வைத்து, வந்த வழியே திரும்பிவிடுங்கள். பெற்றவை விலகி நிற்கும் நேரம் நீண்டால், கடும் வெயிலே அவற்றைக் கொன்றுவிடும்.

மறுமொழி 2:
உங்கள் படத்தில் குஞ்சு தனித்துத் தெரிவதற்கு, சுற்றிலும் ஒரே அழுத்தத்தில் போடும் வெளிக்கோடே காரணமாக இருக்கக்கூடும். குஞ்சின் முதுகு அடர்நிறம், வயிறு வெண்மை. மேலிருந்து விழும் ஒளி முதுகை வெளுக்கச் செய்ய, நிழல் வயிற்றை மங்கச் செய்ய, உடலின் திரட்சியே கண்ணுக்குப் புலப்படாமல் போகிறது; ஓவியர் அபட் தேயர் 1896ஆம் ஆண்டிலேயே இதை விளக்கி எழுதினார். எனவே உருண்டையான பொருளுக்குத் தீட்டும் வழக்கமான நிழலை இங்கே தவிர்த்துவிடுங்கள். முதலில் கற்களையும் அவற்றின் நிழல்களையும் வரைந்து, குஞ்சின் இடத்தை வெறுமையாக விட்டு, கண்ணை மட்டும் அழுத்தமாகக் குறியுங்கள். பிறகு முதுகின் புள்ளிகளைப் பக்கத்து மணலின் அதே அழுத்தத்தில் இட்டு, ஓரக்கோட்டை ஆங்காங்கே அறுந்துபோக விடுங்கள். படுத்திருக்கும் குஞ்சின் கீழே நிழல் பெரும்பாலும் இருக்காது. நாம் பழக்கத்தில் போட்டுவிடும் ஒரு நிழற்கோடு போதும், அது காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பெரிய பறவையின் மார்பிலுள்ள கறுப்புப் பட்டை பளிச்சென்று தெரிகிறதே, அது மறைவுக்கு எதிரானது அல்லவா?

மறுமொழி 2:
அருகில் பளிச்சென்றுதான் இருக்கும். தொலைவில் அது தலையையும் உடலையும் இரு துண்டுகளாகப் பிரித்து, பறவை வடிவத்தையே குலைத்துவிடுகிறது. கண்களைச் சற்றுச் சுருக்கிப் பார்த்து, கறுப்பை ஒரு திட்டாகவும் வெண்மையை இன்னொரு திட்டாகவும் வரையுங்கள். இரண்டையும் கோட்டால் இணைக்க வேண்டாம்.