கீழத்தெரு சொந்தபந்தம்

காலை 6:41

சரவணன்: [படம்]
சரவணன்: இன்னைக்கும் பாதாளச் சாக்கடை பொங்கிருச்சு. பெட்டிக்கடை முன்னாடி இருக்க அதே மூடி
சரவணன்: அடுத்த மாசம் 12 பாப்பாவுக்குக் காதுகுத்து. உசிலம்பட்டில இருந்து சீர்த்தட்டு இந்தத் தெரு வழியாத்தான் வரணும்

செல்வி அத்தை: அய்யய்ய
செல்வி அத்தை: சீர்த்தட்டைத் தூக்கிக்கிட்டு இதையவா தாண்டி வருவாக

ராஜி மதினி: ப்ளீச்சிங் பவுடர் 2 கிலோ கொட்டியாச்சு. கோலம் போட்டு நாலு நாளாச்சு

கார்த்தி: எல்லாரையும் டேக் பண்ணி வீடியோ போடுறேன். எம்எல்ஏ, எம்பி, கலெக்டர், முதல்வர்

பாண்டி சித்தப்பா: ஒருத்தரும் ஒண்ணும் போட வேணாம். நான் ஒரு போன் போடுறேன்

செல்வி அத்தை: போன மழைக்கும் இதே போன்தான்

பாண்டி சித்தப்பா: மதுரை எம்பி ஆபீஸ்ல நமக்குத் தெரிஞ்ச பையன் இருக்கான் செல்வி

சரவணன்: நானும் மனு எழுதிட்டேன். பெறுநர்: மதுரை எம்பி, எம்எல்ஏ, மேயர், கமிஷனர். சாக்கடை, தெருவிளக்கு, நாய்த்தொல்லை, பஸ், ரேஷன் கடை, வேகத்தடைன்னு மொத்தம் 9 கோரிக்கை. படிச்சுட்டு சொல்லுங்க
சரவணன்: [ஆவணம்: மனு, 3 பக்கம்]

மீனா (சென்னை): 3 பக்கமா?

ராஜி மதினி: பேன் தொல்லை மட்டுந்தான் விட்டுப்போச்சு 😂

காலை 7:20

சுந்தரம் பெரியப்பா: சரவணா, மனு பார்த்தேன். முதல் வரியிலேயே தப்பு. நம்ம அவனியாபுரம் மதுரை மாநகராட்சிதான். ஆனால் சட்டமன்றத் தொகுதி திருப்பரங்குன்றம். அது மதுரை எம்பி தொகுதியில் கிடையாது, விருதுநகரில் வருகிறது. 2009 தேர்தலில் இருந்தே அப்படித்தான். மதுரை எம்பிக்கு உள்ள ஆறும் மேலூர், மதுரை கிழக்கு, வடக்கு, தெற்கு, மத்தி, மேற்கு. நம்முடைய மனுவை அந்த ஆபீசில் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

பாண்டி சித்தப்பா: ஓட்டுப் போட்ட எனக்குத் தெரியாதா

செல்வி அத்தை: தெரிஞ்சா எதுக்கு மதுரை எம்பி ஆபீஸ் பையன்?

பாண்டி சித்தப்பா: அவன் எல்லாருக்கும் பண்ணுவான்

சுந்தரம் பெரியப்பா: தொடர்ச்சி. பாதாளச் சாக்கடைக்கு எம்பி முதல் ஆள் இல்லை. ரயில்வே, விமான நிலையம், பாஸ்போர்ட், பி.எஃப்., இதுக்கு எம்பி. சாக்கடைக்கு கவுன்சிலர், மாநகராட்சி, அதுக்கு மேல எம்எல்ஏ. எம்பி நிதி வருஷத்துக்கு 5 கோடி, ஆறு சட்டமன்றத் தொகுதிக்கும் சேர்த்து. எம்எல்ஏ நிதி வருஷத்துக்கு 3 கோடி, ஒரு தொகுதிக்கு. ரெண்டு பேர் கையிலயும் பணம் கிடையாது. அவங்க பரிந்துரைக்கணும், கலெக்டர் நிர்வாக அனுமதி கொடுக்கணும், அப்புறம் டெண்டர். அதனால 'எம்எல்ஏ ஓகே சொல்லிட்டாரு'ன்னா வேலை ஆரம்பம்னு அர்த்தம் இல்ல.

செல்வி அத்தை: அண்ணே கண்ணு வலிக்குது

சரவணன்: சரி பெரியப்பா, எம்பியை எடுத்துர்றேன்

அப்பத்தா: [குரல் பதிவு 0:52]

ராஜி மதினி: அப்பத்தா என்ன சொல்றாக? பஸ்ல இருக்கேன், கேக்க முடியல

மீனா (சென்னை): முதல் பாதி எல்லாரும் சாப்பிட்டாச்சான்னு. மிச்சம், அந்தக் காலத்துல ஊரணிக்குப் போற வாய்க்கா எப்படி இருந்துச்சுன்னு. கடைசியா சித்தப்பா வீட்டு மாடிக் குழாயைப் பத்தி ஏதோ

பாண்டி சித்தப்பா: அம்மாவுக்கு வேற வேலை இல்ல

காலை 8:05

சுந்தரம் பெரியப்பா: இது முக்கியம், எல்லோரும் பார்க்கவும். மூடி எப்பப் பொங்குது? மழை இல்லாத நாளில் காலை 6 மணிக்கு மேல், எல்லா வீட்டிலும் தண்ணீர் புழங்குற நேரத்தில் பொங்கினால் குழாய் அடைப்பு, இல்லை குழாய் போதவில்லை. மழை பெய்தால் மட்டும் பொங்கினால் மழைத்தண்ணி சாக்கடைக்குள் இறங்குது. ரெண்டுக்கும் மருந்து வேற. சரவணா, இன்னைக்கு மழை இருந்துச்சா?

சரவணன்: ராத்திரி தூறல். ஆனா போன புதன்கிழமை மழை இல்லாமலே பொங்குச்சு

ராஜி மதினி: மழைன்னா முழங்காலுக்கு. மழை இல்லேன்னா கணுக்காலுக்கு

சுந்தரம் பெரியப்பா: அப்போ ரெண்டும் இருக்கு. தேதி வாரியா எழுதி வை. அதான் மனுவுக்கு உயிர். பக்கத்துல பள்ளத்துப் பக்கம் இருக்க அடுத்த மூடி எப்படி? இது ததும்பி, அது கம்மியா ஓடினா ரெண்டுக்கும் நடுவுல அடைப்பு. அதுவும் ததும்பினா அடைப்பு அதுக்கும் கீழ. ஆனா நீங்க யாரும் மூடியைத் திறக்கக் கூடாது, விஷவாயு இருக்கும். மாநகராட்சி ஆளை வச்சுப் பார்க்கச் சொல்லணும்.

பாண்டி சித்தப்பா: ஆயிரம் ரூவா குடுத்தா ஒரு ஆளை எறக்கி ராடு விட்டுருவோம். இதுக்குப் போயி

மீனா (சென்னை): சின்ன மாமா, ஆளை உள்ள இறக்குறது 2013 சட்டப்படி குற்றம். ஏதாவது ஆனா இறக்கச் சொன்னவங்க மேலதான் வழக்கு. தண்ணியைப் பீய்ச்சி அடைப்பெடுக்குற ஜெட்டிங் வண்டிதான்

பாண்டி சித்தப்பா: சட்டம் பேச ஒரு ஆளு

செல்வி அத்தை: என் மக பேசட்டும்

கார்த்தி: அப்பா, நம்ம மாடிக் குழாய் எங்க போகுது?

பாண்டி சித்தப்பா: நீ வேலைக்குக் கிளம்பு

காலை 9:32

சரவணன்: மனுவைக் குறைச்சிட்டேன். 9ல 5 வச்சிருக்கேன்

சுந்தரம் பெரியப்பா: ஒண்ணு. ஒரு மனுவுக்கு ஒரு விஷயம். அஞ்சு இருந்தா அஞ்சு துறைக்குப் பிரியும், எந்த மேசையிலயும் நிக்காது. நாய்த்தொல்லையை மட்டும் எடுத்துக்கிட்டு 'நடவடிக்கை எடுக்கப்பட்டது'ன்னு முடிச்சாலும் முடிச்சுடுவாங்க.

சுந்தரம் பெரியப்பா: காதுகுத்துக்கு முன்னாடி வேணும்கிறது ஜெட்டிங் வண்டி. அது எம்எல்ஏ வேலை இல்ல. மாநகராட்சியில புகார் பதிஞ்சு நம்பர் வாங்கு. முதல்வர் உதவி மையம் 1100லயும் பதியலாம். வார்டு உதவிப் பொறியாளரை நேர்ல பாரு. எம்எல்ஏ கிட்ட கேக்கவேண்டியது குழாய் மாத்துறது. ரெண்டையும் ஒரே தாளில் போட்டா வண்டி வந்துட்டுப் போனதும் மனு முடிஞ்சதா கணக்கு.

செல்வி அத்தை: இது சரி

ராஜி மதினி: பெரிய மாமா, 12ஆம் தேதிக்கு வண்டி வந்துருமா?

சுந்தரம் பெரியப்பா: 10ஆம் தேதி வாக்குல வரச்சொல்லு. ரொம்ப முன்னாடி வந்தா மறுபடி நிறைஞ்சிரும்.

சரவணன்: எம்எல்ஏ மனுல என்ன எழுத?

சுந்தரம் பெரியப்பா: ஒரு பக்கம். முதல் பத்தி: எந்தத் தெரு, எத்தனை வீடு, எந்த மூடி. ரெண்டாவது: பொங்கின தேதிகள், புகார் எண்கள். மூணாவது: கேட்பது என்ன. 'ஆவன செய்யுமாறு' என்று முடிக்காதே, அதுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இப்படி எழுது: (அ) இந்தத் தெருவுக்குக் குழாய் மாற்றச் செலவு மதிப்பீடு தயாரிக்கச் சொல்லி ஆணையருக்குக் கடிதம் எழுத வேண்டும், அதன் நகல் எங்களுக்கு வேண்டும். (ஆ) மதிப்பீடு வந்தபின் தொகுதி நிதியா, மாநகராட்சி நிதியா என்று தெரிவிக்க வேண்டும். (இ) நகராட்சி நிர்வாகத் துறை மானியக் கோரிக்கை விவாதத்தில் இதைப் பேச வேண்டும். மதிப்பீடு இல்லாம நிதிப் பரிந்துரை போனா கலெக்டர் ஆபீசில இருந்து திரும்பி வரும்.

கார்த்தி: பெரியப்பா, இந்த (இ) வேலைக்காகுமா?

சுந்தரம் பெரியப்பா: பட்ஜெட்டுக்குப் பிறகு துறை வாரியா விவாதம் நடக்கும். பேசுற எம்எல்ஏ கையில நாலு வரி குறிப்பு இருந்தா அது அவைக்குறிப்பில் ஏறும். மந்திரி 'செய்து தரப்படும்'னு சொல்லிட்டா அது உறுதிமொழி. அதைப் பார்க்கப் பேரவையில் அரசு உறுதிமொழிக் குழுன்னே ஒண்ணு இருக்கு. ரெண்டு வருஷம் கழிச்சுக்கூட அதைக் காட்டிக் கேட்கலாம். போனில் சொன்னதைக் காட்ட முடியாது.

செல்வி அத்தை: பாண்டி கேட்டியா

பாண்டி சித்தப்பா: 🙏

மீனா (சென்னை): பேரவையில மனுக்கள் குழுவும் இருக்கு பெரிய மாமா. மாவட்டத்துக்கு வர்றப்ப கலெக்டர் ஆபீஸ் செய்திக்குறிப்பு விடுவாங்க, கடைசித் தேதி போட்டு. தமிழ்ல 5 நகல், பேரவைச் செயலாளருக்கு, சென்னை 600009. ரொம்ப நாளா தீராத பொதுப் பிரச்சினையா இருக்கணும், ஒரே துறை. வழக்குல இருந்தாலோ தனி ஆள் குறைன்னாலோ எடுக்க மாட்டாங்க

சுந்தரம் பெரியப்பா: ஆமாம். அதுக்கும் இந்தத் தேதிக் கணக்கு உதவும்.

சரவணன்: கையெழுத்து இன்னைக்கே வாங்கிரவா? நானே 40 பேருக்கும் போட்டுரலாம்னு பாத்தேன்

சுந்தரம் பெரியப்பா: கெடுத்தியே காரியத்தை! ஒரே பேனா, ஒரே சாய்வுல 40 கையெழுத்து இருந்தா எதிர் மேசையில இருக்க கிளார்க் பாத்ததும் சிரிப்பான். வீட்டுக்கு ஒருத்தர். பெயர், கதவு எண், போன் நம்பர், கையெழுத்து. வாடகைக்கு இருக்கவங்களும் போடலாம், ஓட்டு இங்க இருந்தா நல்லது.

ராஜி மதினி: நான் வாங்குறேன். சாயங்காலம் எல்லா வீட்டுலயும் பொம்பளைங்க இருப்பாக
ராஜி மதினி: மூலை வீட்டுல மட்டும் வேற யாராச்சும் போங்க

செல்வி அத்தை: இன்னும் பேசுறது இல்லையா நீங்க?

ராஜி மதினி: பந்தியில அப்பளம் வைக்கலன்னு சொன்னதுல இருந்து

செல்வி அத்தை: அது ஆறு வருசமாச்சு தாயி

மதியம் 1:10

சரவணன்: கறி எத்தனை கிலோ சொல்ல? 300 பேர்

பாண்டி சித்தப்பா: 45

செல்வி அத்தை: 60. உசிலம்பட்டிக்காரங்க போன தடவை கொழம்புல கறியைத் தேடுனோம்னாக

கார்த்தி: ஜிகர்தண்டா வைப்போம்

சுந்தரம் பெரியப்பா: மனுவை முடிச்சுட்டு கறிக்கு வாங்க. நகல் நாலு: எம்எல்ஏ, ஆணையர், உதவிப் பொறியாளர், நமக்கு ஒண்ணு. நம்ம நகலில் சீல், தேதி, வாங்கினவர் கையெழுத்து வாங்கணும். சீல் இல்லேன்னா மனு கொடுக்கலைன்னு அர்த்தம். எம்எல்ஏ உதவியாளர் பேரும் நம்பரும் குறிச்சுக்கோ. பேரவை நடக்கிற நாளில் அவர் ஊரில் இருக்க மாட்டார், கேட்டுட்டுப் போ. நேரில் முடியலைன்னா ரிஜிஸ்டர் தபால்.

மீனா (சென்னை): ரிஜிஸ்டர் தபாலை 2025ல ஸ்பீட் போஸ்ட்டோட சேத்துட்டாங்க மாமா. ஸ்பீட் போஸ்ட்ல ஒப்புகை கேட்டு வாங்கணும்

சுந்தரம் பெரியப்பா: அப்படியா. சரி.

கார்த்தி: பெரியப்பா 'சரி'ன்னு சொல்லி முதல் தடவை பாக்குறேன்

சுந்தரம் பெரியப்பா: போறவங்க அஞ்சு பேர் போதும், ரெண்டு பெண்கள் கட்டாயம். பேசுறது ஒருத்தர். மூணு நிமிஷந்தான் கிடைக்கும். அவர் 'பாக்குறேன்'னு சொன்னா, 'யாருக்குக் கடிதம் போடுவீங்க, எப்ப வந்து நகல் வாங்கிக்கலாம்'னு கேட்கணும். 15 நாள் கழிச்சு அதே சீல் போட்ட நகலோட போகணும். வீடியோவில டேக் பண்றது, தேர்தல் புறக்கணிப்புன்னு பேனர் கட்டறது, இதெல்லாம் அன்னைக்கு ஒருநாள் தாசில்தாரை வரவைக்கும். குழாயை வரவைக்காது.

கார்த்தி: சரி, வீடியோ வேணாம். ஒரு போட்டோ?

சுந்தரம் பெரியப்பா: போட்டோ வேணும். தேதி தெரியணும், பெட்டிக்கடை தெரியணும். மூடியை மட்டும் கிட்டப் போய் எடுத்தா அது எந்த ஊர் மூடியோ.

பாண்டி சித்தப்பா: பேசுறது நான்தான். எனக்குத்தான் பழக்கம்

செல்வி அத்தை: ராஜி பேசட்டும்

பாண்டி சித்தப்பா: எதுக்கு

செல்வி அத்தை: நீ போனா சாக்கடையை விட்டுட்டு கட்சிப் பேச்சு பேசிட்டு வருவ

மதியம் 2:25

சரவணன்: கவுன்சிலர்?

சுந்தரம் பெரியப்பா: அவரை விட்டுட்டு மேல போனா கோவிச்சுக்குவார், அதுவும் வேலையைக் கெடுக்கும். வார்டுல பகுதி சபா கூட்டம், ஏரியா சபான்னு சொல்றாங்களே, மூணு மாசத்துக்கு ஒரு தடவை நடக்கணும். நவம்பர் 1 உள்ளாட்சி தினத்துக்கும் நடத்துவாங்க. அதில் சொல்லி நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொல்லணும். சும்மா எந்திரிச்சுப் பேசிட்டு டீ குடிச்சிட்டு வரக் கூடாது.

மீனா (சென்னை): 30 நாள்ல ஒண்ணும் நடக்கலைன்னா ஆர்டிஐ, அதான் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு. 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மாநகராட்சி பொதுத் தகவல் அலுவலருக்கு. 'ஏன் செய்யல'ன்னு கேக்காதீங்க, அதுக்குப் பதில் வராது. 'எம்எல்ஏ கடிதத்தின் நகல், அதன் மேல் எழுதிய குறிப்பின் நகல், மதிப்பீட்டின் நகல் தரவும்'னு கேளுங்க. 30 நாள்ல பதில் வரணும், வரலைன்னா மேல்முறையீடு

சுந்தரம் பெரியப்பா: இன்னொன்று. பொறியாளர் வந்ததும் முதல்ல கேக்கப்போறது, 'உங்க தெருவுல எத்தனை வீட்டு மாடித் தண்ணி பாதாளச் சாக்கடைக்குள்ள விட்டிருக்கீங்க'ன்னு. மழைநீர் சேகரிப்பு 2003லேயே கட்டாயம் ஆயிருச்சு. மாடிக்குழாய் உறிஞ்சுகுழிக்குத்தான் போகணும், சாக்கடைச் சேம்பருக்கு இல்ல. அதை வச்சுக்கிட்டு எம்எல்ஏ முன்னாடி நின்னா, உங்க மேலதான் தப்புன்னு ஒரே வரியில் அனுப்பிருவாங்க. மனு கொடுக்கிறதுக்கு முன்னாடி அவங்கவங்க வீட்டைப் பாத்துக்கங்க. நான் யார் பேரும் சொல்லல.

செல்வி அத்தை: அம்மா காலையிலேயே சொல்லிருச்சு 😂

ராஜி மதினி: எங்க வீட்டுது குழிக்குத்தான் போகுது. குழியில மண்ணு மூடியிருக்கு, தோண்டணும்

கார்த்தி: நான் போய்ப் பாத்துட்டேன்
கார்த்தி: [படம்]

பாண்டி சித்தப்பா: எடுடா அத

பாண்டி சித்தப்பா: கட்டும்போது கொத்தனார் பண்ணது. எனக்கெப்படித் தெரியும்

செல்வி அத்தை: கொத்தனார் பேர்ல மனு எழுதுவோமா

இரவு 8:47

ராஜி மதினி: 23 கையெழுத்து ஆச்சு. 9 வீடு பூட்டியிருக்கு. மூலை வீட்டுல அவுகளே கூப்பிட்டுப் போட்டாக

செல்வி அத்தை: அப்பளம்?

ராஜி மதினி: அதைப் பத்தி பேச்சே இல்ல. காதுகுத்துக்குக் கூப்பிட்டேன்

சரவணன்: சனிக்கிழமை காலை எம்எல்ஏ ஆபீஸ் போவோமா?

செல்வி அத்தை: அன்னைக்கு அமாவாசை

பாண்டி சித்தப்பா: ஞாயிறு இருக்க மாட்டாக

சுந்தரம் பெரியப்பா: திங்கள் கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாள். அங்க ஒண்ணு கொடுத்துட்டு எம்எல்ஏ ஆபீசுக்குப் போகலாம். முதல்ல போன் பண்ணிக் கேளுங்க.

பாண்டி சித்தப்பா: அந்தப் போனை நான் போடுறேன்

சரவணன்: பேசுறது யாருன்னு முடிவாச்சா?

ராஜி மதினி: திங்கக்கிழமை பாப்பாவுக்குப் பரீட்சை, பாப்போம்

பாண்டி சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வி அத்தை: பாத்துட்டேன். பிளம்பர் நம்பர் தனியா அனுப்பியிருக்கேன்

சரவணன்: கறி 50 சொல்லிட்டேன்

செல்வி அத்தை: பத்தாது