வகுப்பறைத் தொலைக்காட்சியைக் கணினியோடு இணைக்க விலை குறைந்த எச்டிஎம்ஐ கேபிள் போதுமா?

எழுதியவர்: பள்ளித்திண்ணை

அனைவருக்கும் வணக்கம். நான் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியராகப் பணிபுரிகிறேன். எங்கள் முன்னாள் மாணவர்கள் ஒன்றுசேர்ந்து ஏழாம் வகுப்புக்கு 43 அங்குலத் தொலைக்காட்சி ஒன்றை வாங்கித் தந்திருக்கிறார்கள். அதன் பெட்டியில் 1920×1080 என்று அச்சிடப்பட்டுள்ளது. தலைமையாசிரியரின் மடிக்கணினியில், படத்தையும் ஒலியையும் ஒரே கேபிளில் அனுப்பும் எச்டிஎம்ஐ போர்ட் இருக்கிறது. அலுவலக அறையிலுள்ள பழைய மேசைக் கணினியில் வெள்ளை நிற டிவிஐ போர்ட்டும் நீல நிற விஜிஏ போர்ட்டும் மட்டுமே உள்ளன.

சோதித்துப் பார்ப்பதற்காக உடன் பணிபுரியும் ஆசிரியர் தம் வீட்டிலிருந்து சிறிய கேபிள் ஒன்றைக் கொண்டுவந்தார். மடிக்கணினியில் இணைத்தவுடன் படம் வந்தது. ஆனால் திரையின் நான்கு ஓரங்களும் வெட்டுப்பட்டு, கீழேயுள்ள டாஸ்க்பார் பாதிதான் தெரிந்தது. பாடநூலின் பிடிஎஃப்பைத் திறந்தபோது, மெய்யெழுத்துகளின் மேலுள்ள புள்ளி இருக்கிறதா இல்லையா என்று பின்வரிசைப் பிள்ளைகள் கேட்கும் அளவுக்கு எழுத்துகள் மங்கலாக இருந்தன. ஒலியும் தொலைக்காட்சியில் வரவில்லை.

கடையில் விசாரித்தபோது, மலிவான கேபிள் என்பதால்தான் இப்படி ஆகிறது என்றும், தங்கமுலாம் பூசிய உயர்ரகக் கேபிள் போட்டால் படம் தெளிந்துவிடும் என்றும் சொன்னார்கள். ஆசிரியர் மேசையிலிருந்து சுவர் வழியாகக் கொண்டுசெல்ல எங்களுக்குப் பத்து மீட்டர் தேவைப்படும். அந்த நீளத்தில் 700 ரூபாய்க்கு ஒன்றும் 3,500 ரூபாய்க்கு ஒன்றும் காட்டினார்கள். விலை குறைந்ததே போதுமென்றால், மீதிப் பணத்தில் ஒரு நல்ல ஒலிபெருக்கி வாங்கிவிடலாம் என்று நினைக்கிறோம். விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

எழுதியவர்: மின்கம்பி

வணக்கம் ஐயா. ஓரம் வெட்டுப்படுவது, எழுத்து மங்குவது என்று படத்தில் தாங்கள் சொல்லும் இரண்டு குறைகளுக்கும் கேபிள் காரணமே அன்று. ஆகவே 3,500 ரூபாய் கொடுத்து வாங்கினாலும் அவை அப்படியேதான் இருக்கும்.

விஜிஏ கேபிளில் படம் மின்னழுத்த ஏற்ற இறக்கமாகச் செல்வதால், கேபிள் மட்டமாக இருந்தால் நிழல் விழும், எழுத்துகள் மங்கும். எச்டிஎம்ஐயில் செல்பவை வெறும் பூச்சியமும் ஒன்றும்தான். அவை மறுமுனையில் சரியாகப் படிக்கப்படும்வரை, 700 ரூபாய்க் கேபிளும் 3,500 ரூபாய்க் கேபிளும் தருவது புள்ளிக்குப் புள்ளி ஒரே படம். படிக்க முடியாமல் போகும்போது வெளிப்படும் அறிகுறிகள் முற்றிலும் வேறு: திரையெங்கும் வெண்ணிறப் பொறிகள் மின்னும், குறுக்கே கோடுகள் ஓடும், படம் ஓரிரு நொடி கறுத்துப் போய்த் திரும்ப வரும், அல்லது 'சிக்னல் இல்லை' என்றே காட்டும். கெட்டுப்போன எச்டிஎம்ஐ கேபிள் நிறத்தை வெளிறச் செய்வதில்லை. ஓரத்தை வெட்டுவதும் இல்லை.

கணக்கையும் பார்த்துவிடுவோம். 1920×1080 படத்தை நொடிக்கு 60 முறை அனுப்பும்போது, கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகளையும் சேர்த்து 2200×1125 புள்ளிகள் செல்கின்றன. அதாவது நொடிக்கு 14.85 கோடி புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் 24 பிட்டுகள் (அதாவது 24 பூச்சியம் அல்லது ஒன்று), அனுப்பப்படும்போது ஒவ்வோர் எட்டு பிட்டும் பத்தாக விரிவதையும் சேர்த்தால், நொடிக்கு ஏறத்தாழ 4.46 ஜிகாபிட் (ஒரு ஜிகாபிட் நூறு கோடி பிட்). 'ஹை ஸ்பீடு' என்ற வகைக் கேபிள் 10.2 ஜிகாபிட் வரை தாங்க வேண்டும் என்பது விதி. எனவே தங்கள் தேவையைப்போல் இருமடங்குக்கு மேல் இடம் இருக்கிறது. தங்கமுலாம் இணைப்பு முனை கறுக்காமல் காக்கும், அவ்வளவே. இன்று மலிவான கேபிள்களிலும் அது பூசியே வருகிறது.

ஆனால் பத்து மீட்டர் என்பதால் ஒன்றை மட்டும் பார்த்து வாங்குங்கள். நீளம் கூடக்கூடச் செம்பு தடிமனாக இருக்க வேண்டும். கேபிளின் உறைமேல் பொடியெழுத்தில் 24 ஏடபிள்யூஜி, 28 ஏடபிள்யூஜி, 30 ஏடபிள்யூஜி என்று அச்சிட்டிருப்பார்கள். எண் குறைந்தால் கம்பி தடிமன் என்று பொருள். ஒன்றரை மீட்டருக்கு 30 தாராளமாகப் போதும். பத்து மீட்டருக்கு 24 அல்லது 26 தேடுங்கள். மேலும் 'ஹை ஸ்பீடு' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 'ஸ்டாண்டர்டு' என்பது இதற்குக் கீழான வகை. '2.0', '2.1' என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம். அந்த எண்கள் கருவிகளுக்கு உரியவை, கேபிளுக்கு உரியவை அல்ல.

எழுதியவர்: பழைய மானிட்டர்

மின்கம்பி அவர்கள் சொன்னது முழுவதும் சரி. ஓரம் வெட்டுப்படுவதும் எழுத்து மங்குவதும் இரண்டு வெவ்வேறு குறைகள் அல்ல, ஒரே காரணத்தின் இரு விளைவுகள் என்பதை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்.

பழைய படக்குழாய்த் தொலைக்காட்சிகளில் படத்தின் ஓரங்கள் ஒழுங்காக அமைவதில்லை. அதை மறைக்கப் படத்தைச் சற்றே பெரிதாக்கி, ஓரங்களைச் சட்டகத்துக்குப் பின்னால் தள்ளிவிடுவார்கள். ஓவர்ஸ்கேன் எனப்படும் இந்தப் பழக்கம் தட்டைத் திரைகளுக்கும் தொடர்ந்து வந்துவிட்டது. கணினி அனுப்பும் 1920 புள்ளிகளும் திரையிலுள்ள 1920 புள்ளிகளில் ஒன்றுக்கு ஒன்றாக அமர வேண்டியவை. படத்தைச் சிறிதளவு பெரிதாக்கினாலும் அந்தப் பொருத்தம் குலைந்து, ஒரு புள்ளி பக்கத்துப் புள்ளியோடு கலந்துவிடுகிறது. சினிமா பார்ப்பவருக்கு இது தெரியாது. ஒற்றைப் புள்ளி அகலத்தில் நிற்கும் எழுத்துகளைப் படிப்பவருக்கு உடனே தெரியும். தங்கள் மாணவர்களின் கண்ணில் பட்டது இதுதான்.

ஆகவே ரிமோட்டை எடுத்து, படத்துக்கான அமைப்புகளில் படத்தின் அளவு அல்லது விகிதம் என்ற பகுதிக்குச் செல்லுங்கள். எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கேன்', சாம்சங்கில் 'ஸ்கிரீன் ஃபிட்', சோனியில் 'ஃபுல் பிக்சல்' என்று இருக்கும். வேறு நிறுவனங்களில் 'டாட் பை டாட்' என்றோ, ஓவர்ஸ்கேனை நிறுத்துவதாகவோ இருக்கலாம். அதைத் தேர்ந்தெடுத்தவுடன் டாஸ்க்பார் முழுவதும் தெரியும், எழுத்தும் தெளியும். பிறகு 'ஷார்ப்னெஸ்' அளவைக் குறையுங்கள். கடையில் பளிச்சென்று தெரிவதற்காக அதை உயர்த்தியே வைத்திருப்பார்கள். அதனால் கறுப்பு எழுத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு தோன்றி, பார்ப்பவர் கண்ணைக் களைப்படையச் செய்யும். பிள்ளைகள் முக்கால் மணி நேரம் உற்றுப் பார்க்கப்போகும் திரை என்பதால் இதைத் தவறாமல் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். சில தொலைக்காட்சிகளில் அந்த எச்டிஎம்ஐ இணைப்பின் பெயரைப் 'பிசி' என்று மாற்றினால், வண்ண எழுத்துகளும் கூர்மையாகும்.

மடிக்கணினியில் விண்டோஸ் விசையுடன் பி எழுத்தை அழுத்தி 'டூப்ளிகேட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு திரைகளிலும் ஒரே படம் வரும். அப்போது மடிக்கணினியின் திரை 1366×768 ஆக இருந்தால், தொலைக்காட்சிக்கும் அதே அளவு சென்று மீண்டும் எழுத்து மங்கக்கூடும். அப்படியானால் 'செகண்ட் ஸ்கிரீன் ஒன்லி' என்பதைத் தேர்ந்தெடுத்து, திரை அமைப்பில் 1920×1080 வைத்துக்கொள்ளுங்கள். ஒலிக்கு, டாஸ்க்பாரில் உள்ள ஒலிபெருக்கிச் சின்னத்தைச் சொடுக்கி, தொலைக்காட்சியின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

எழுதியவர்: ஏணிக்காரர்

நான் கேபிள் பதிக்கும் வேலை செய்பவன் என்பதால், சுவர் வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எச்டிஎம்ஐ முனையின் பிளாஸ்டிக் தலை சுமார் இரண்டு சென்டிமீட்டர் அகலம் இருக்கும். முக்கால் அங்குலப் பைப்பில் அது நுழையாது. ஒரு அங்குலப் பைப்பிலும் எல்போ வளைவில் சிக்கிக்கொள்ளும். எனவே சுவரை உடைக்காமல், மேலே மூடி போடும் பிவிசி கேசிங் பட்டை அடித்துக்கொள்வது நல்லது. நாளைக்குக் கேபிள் பழுதானாலோ, 4கே தொலைக்காட்சி வந்து வேறு கேபிள் தேவைப்பட்டாலோ, மூடியைக் கழற்றி மாற்றிவிடலாம். அடிப்பதற்கு முன் கேபிளைத் தரையில் நீட்டிப் போட்டு, அரை மணி நேரம் காணொளி ஓட்டிச் சோதித்துவிடுங்கள். திரையில் வெண்ணிறப் பொறிகள் மின்னினால் அன்றைக்கே கடையில் மாற்றிக்கொள்ளலாம்.

தடித்த கேபிளின் எடை தொலைக்காட்சியின் போர்ட்டில் தொங்கக் கூடாது. பின்பக்கம் ஒரு கிளிப் அடித்து எடையை அதில் தாங்கவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது எர்த். எர்த் இல்லாத பிளக்கில் கணினியைச் செருகினால், அதன் உலோகப் பகுதியில் இலேசான மின்கசிவு இருக்கும். தொட்டால் விரலில் சுறுசுறு என்று உணரலாம். அந்த நிலையில் எச்டிஎம்ஐயைச் செருகும்போது போர்ட் கருகிப்போக வாய்ப்புண்டு. தொலைக்காட்சியும் கணினியும் எர்த் உள்ள ஒரே மூன்றுமுனை போர்டிலிருந்து மின்சாரம் எடுக்கட்டும். இரண்டையும் அணைத்து வைத்து, முதலில் எச்டிஎம்ஐயை இணைத்து, பிறகு சுவிட்சைப் போடுங்கள்.

எழுதியவர்: பள்ளித்திண்ணை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பழைய மானிட்டர் அவர்கள் சொன்னபடி படத்தின் அளவை மாற்றினோம். அதே சிறிய கேபிளிலேயே நான்கு ஓரங்களும் முழுமையாகத் தெரிகின்றன. கடைசி வரிசை மாணவியால் பாடநூலின் படக்குறிப்பையும் வாசிக்க முடிகிறது. 24 ஏடபிள்யூஜி என்று அச்சிட்ட பத்து மீட்டர் கேபிள் 900 ரூபாய்க்குக் கிடைத்தது. வகுப்பறை பிளக்கில் எர்த் கம்பியே இணைக்கப்படவில்லை என்று எலக்ட்ரீஷியன் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டார். மடிக்கணினி இல்லாத நாட்களில் அந்தப் பழைய மேசைக் கணினியைப் பயன்படுத்த வழி உண்டா?

எழுதியவர்: மின்கம்பி

உண்டு ஐயா. டிவிஐயும் எச்டிஎம்ஐயும் படத்தை அனுப்பும் முறை ஒன்றே. எனவே ஒருபுறம் டிவிஐ, மறுபுறம் எச்டிஎம்ஐ உள்ள சாதாரண அடாப்டர் போதும், அதுவும் மலிவானதே. விஜிஏ போர்ட்டை நாட வேண்டாம். அதற்கு மின்சாரத்தில் இயங்கும் தனி மாற்றி வேண்டும், தெளிவும் குறையும். டிவிஐயில் பெரும்பாலும் ஒலி வராது என்பதால், கணினியின் பின்னுள்ள பச்சை நிற ஆடியோ ஜாக்கிலிருந்து, தாங்கள் வாங்கப்போகும் ஒலிபெருக்கிக்கு நேராக இணைத்துவிடுங்கள்.